கோத்தகிரியில் வீட்டுக்கே டிரெய்னர் வரவைத்து 3 மாதத்தில் 15 கிலோ குறைக்க முடியுமா?

நீங்கள் கொடுத்த விவரம் இது: பெண், வயது 40, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. சுகர், பிரஷர் இல்லை, ஆனால் இறக்கத்தில் இறங்கும்போது முட்டி வலிக்கிறது. வாரம் 3 நாள் வரும் டிரெய்னர், 3 மாதத்தில் 15 கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்கிறார்.

15 கிலோ நடக்காது. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 15 கிலோ என்றால் 1,15,500. அதை 90 நாளில் தீர்க்கத் தினமும் 1,280 கலோரி குறைய வேண்டும். உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். மிச்சம் 700 கலோரியில் வண்டி ஓட்டினால் கொழுப்போடு தசையும் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பித்தப்பையில் கல் வர வாய்ப்பும் கூடும். தினமும் 500 கலோரி குறைத்தால் 3 மாதத்தில் 6 கிலோ பக்கம் இறங்கும். அந்த இலக்கோடு பேச ஒத்துக்கொள்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, டிரெய்னர் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கரையும்? உங்கள் எடைக்கு ஒரு மணி நேர டம்பெல் பயிற்சியில், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக 230 கலோரி வாக்கில் செலவாகும். வாரம் 3 நாளுக்கு 700. அதாவது 100 கிராம் கொழுப்புகூட இல்லை. எடையைக் குறைப்பது சாப்பாடு. சாப்பாடு குறையும்போது தசை கரையாமல் காப்பதும், முட்டியைப் பழுதாக்காமல் பளுவைக் கூட்டிக்கொண்டு போவதும்தான் டிரெய்னரின் வேலை. அதற்குக் காசு கொடுக்கலாம். ‘வியர்க்க வைக்கிறேன்’ என்பவருக்குக் கொடுக்காதீர்கள். மலைக் குளிரில் வியர்வை குறைவாகத்தான் வரும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

முதல் நாள் அவர் எந்தப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன் பி.பி., தைராய்டு, பழைய அடிபட்ட இடங்கள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து அளக்க வேண்டும் (பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய அளவு). நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறீர்கள் என்று எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். நோட்டே இல்லாமல் வருபவரை இரண்டாம் நாள் கூப்பிட வேண்டாம்.

கீழே கோயம்புத்தூர் ஜிம்மில் போடும் அதே சார்ட் இங்கே அப்படியே ஒத்துவராது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகியிருக்கும். சமவெளியிலிருந்து புதிதாக வந்து குடியேறியவர் என்றால் முதல் இரண்டு வாரம் செட்டுகளை (ஓய்வு எடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு தொகுப்பு ஒரு செட்) பாதியாக்க வேண்டும். நாடித்துடிப்பு எண்ணைத் துரத்துவதைவிடப் பேச்சை வைத்துப் பார்ப்பது நம்பகமானது: நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் வேகம் சரி. பி.பி.க்கு அட்டெனலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி வழக்கமான அளவுக்கு ஏறாது, அவர்கள் வாட்சை நம்பவே கூடாது.

வார்ம்-அப்புக்கு 10 முதல் 12 நிமிடம், வீட்டுக்குள்ளேயே. ஸ்வெட்டரை உடம்பு சூடான பிறகு கழற்றினால் போதும். ஆஸ்துமா இருப்பவர் குளிர்காற்றில் நேராக வேகம் எடுத்தால் மூச்சுக்குழல் சுருங்கும், இன்ஹேலர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிரில் தாகம் அவ்வளவாக எடுக்காது என்பதால் ஒரு டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக் குடிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது முட்டி. ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அதற்குப் பலம் போதாவிட்டால் பாரம் முட்டிச் சில்லின் மேல் விழும். இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. 10 செ.மீ. உயரப் படியில் ஒரு காலில் நின்று, சுவரைத் தொட்டபடி, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்க வேண்டும். முட்டி இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்தால் படி உங்களுக்கு உயரம், குறையுங்கள். காலுக்கு 8 முறை, 2 செட். வலி இல்லாமல் முடிந்தால் இரண்டு வாரம் கழித்து 15 செ.மீ., பிறகு 20. குதிக்கும் பயிற்சி எதையும் முதல் இரண்டு மாதம் சேர்க்க விடாதீர்கள். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ டிரெய்னரை விட்டுவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: நாற்காலி அளவுக்கு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், மார்போடு 5 கிலோ டம்பெல்லைப் பிடித்தபடி. முதுகை நேராக வைத்து இடுப்பை மடக்கித் தூக்கும் டெட்லிஃப்ட். ஒரு கையால் இழுக்கும் ரோ. சமையல் மேடையைப் பிடித்தபடி புஷ்-அப். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 அல்லது 3 செட், இடையில் 90 விநாடி ஓய்வு. இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் எல்லா செட்டிலும் 12 வந்தால் 2 கிலோ கூட்டலாம். இந்தக் கூட்டல் நோட்டில் இல்லையென்றால் மாதக்கணக்கில் அதே டம்பெல்லைத் தூக்கிக்கொண்டிருப்பீர்கள்.

மீதி நாட்களில் 40 நிமிட நடை. விடியற்காலை 5 மணிக்குப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தேயிலைத் தோட்ட ஓரங்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற நேரம் அது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுப் படிக்கட்டு போதும்.

சாப்பாட்டில் எங்கே கை வைப்பது? மலையில் பெரும்பாலும் டீயில்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நாளைக்கு 5 என்றால் சர்க்கரை மட்டுமே 200 கலோரி. கூட வர்க்கி (ஊட்டிப் பக்கம் டீயோடு தின்னும் மொறுமொறு பிஸ்கட்) வேறு, அது மைதாவும் கொழுப்பும். சர்க்கரையை நிறுத்தி, வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் 500 கிட்டத்தட்ட வந்துவிடும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் மலிவாகக் கிடைக்கிற ஊர், தட்டில் பாதி அதுவாக இருக்கட்டும். உருளைக்கிழங்கைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக்கணக்கு. புரதம் நாளைக்கு 80 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12, சோயா உருண்டை 30 கிராமில் 15, பன்னீர் 100 கிராமில் 18; பருப்பு, தயிர், அவரைக்கொட்டை மீதியை நிரப்பும்.

முதல் இரண்டு வாரம் எடை ஒரு கிலோ ஏறக்கூடும். புதிதாக வேலை செய்த தசை நீரைப் பிடித்துவைக்கிறது, கொழுப்பு அல்ல. அந்த நேரம் பார்த்துத்தான் ‘ஃபேட் பர்னர்’ டப்பா விற்க வருவார்கள். வாங்காதீர்கள். காலையில் கழிவறை போய் வந்ததும் எடை பார்த்து, 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று வாரம் சராசரி அசையவில்லை என்றால் சாப்பாட்டின் அளவு எங்கோ கூடியிருக்கிறது, அல்லது பயிற்சி நாள் அலுப்பில் மற்ற நேரம் நடப்பது குறைந்திருக்கிறது.

பணத்தை மாதாமாதம் கொடுங்கள், 6 மாதத்துக்கு முன்பணம் வேண்டாம். முதல் இரண்டு மாதம் வாரம் 3 நாள், பிறகு ஒரு நாள் அவர் வந்து பளுவையும் நிற்கும் முறையையும் சரிபார்த்தால் போதும். மற்ற இரண்டு நாளை நோட்டைப் பார்த்து நீங்களே செய்துகொள்ளலாம்.