எட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு தோட்டம்

கேள்வி: கிளிநொச்சி நகரில் எட்டு வீட்டுக்காரர் ஒரு கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறோம். தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறி வாடித்தான் கிடைக்கிறது. பக்கத்து வெறுங்காணியில் சேர்ந்து தோட்டம் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் காணிக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், கண்ணிவெடி அகற்றிய நிலம்தானா என்று கேட்காமல் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். முதலில் முளைக்கீரை போடுங்கள், 25, 30 நாளில் பிடுங்கலாம், பிள்ளைகளுக்கும் உற்சாகம் வரும். அப்புறம் வெண்டி, பயிற்றை, வேலியில் முருங்கைத் தடி. பொன்னாங்காணிக்கு விதை தேடி அலையாதீர்கள். சந்தையில் வாங்கும் பிடியில் முற்றிய தண்டாகப் பார்த்து, கணு மண்ணுக்குள் போக ஊன்றினால் போதும். ஐப்பசி மழைக்கு முன் பாத்தியை உயர்த்துங்கள், தண்ணீர் நின்றால் வேர் அழுகும். யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்பதை இன்றே பேசி வையுங்கள், சண்டை அதில்தான் வரும்.