கடல் பார்த்த வீடு, டொலர் சம்பளம்: வாசகர் கேள்விகள்

கே: வீட்டில் இன்டர்நெட் சரியான ஸ்லோ. மீட்டிங்கில் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. என்ன செய்ய? (கொட்டாஞ்சேனை)

ப: ஃபைபரா, 4ஜீயா? எந்த பக்கேஜ்? ரவுட்டர் எந்த அறையில், நீங்கள் எந்த அறையில்? ஒன்றுமே எழுதவில்லை. டொக்டரிடம் போய் "வருத்தம்" என்று மட்டும் சொல்வீர்களா? முதலில் ரவுட்டரில் கேபிளைக் குத்தி வேகம் பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடினால் பிழை வைஃபையை மறிக்கிற உங்கள் சுவரில். மற்றது நான் ஒவ்வொரு முறையும் எழுதுவதுதான்: ஃபைபர் ஒரு கம்பனி என்றால் கைபோன் சிம் வேறு கம்பனியாக இருக்கட்டும்; ஒன்று விழுந்தால் மற்றது ஓடும்.

கே: கூரையில் சோலார் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் வீடும் இருட்டு. ஏமாற்றிவிட்டார்களா? (தெஹிவளை)

ப: இல்லை. வீதி மின்சார லைனோடு பொருத்திய சோலார், லைன் செத்தால் தானும் நிற்கும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு அடிக்கும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே கரண்ட் இல்லாமல் இருந்தது நல்ல பகல் நேரத்தில். அன்றும் இப்படித்தான் பல கூரைகள் வெயிலில் சும்மா கிடந்தன. லைன் செத்தாலும் வீட்டுக்குள் ஓட, பட்டரியோடு ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும். அவ்வளவு செலவு கட்டாது என்றால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ்; இரண்டு மூன்று மணித்தியாலம் தாங்கும். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் எத்தனை வோல்ட் என்று வாசியுங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

கே: லண்டனிலிருந்து ஆறு மாதம் வந்து வேலை செய்ய யோசனை. மரின் டிரைவில் ஐந்தாம் மாடி, பல்கனியில் மேசை போட்டால் கடல் அப்படியே தெரியும். அட்வான்ஸ் கொடுக்கலாமா அண்ணை? (வெள்ளவத்தை)

ப: கொடுக்காதேயுங்கோ தம்பி. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த கடிதத்தில் அதே பல்கனி, அதே மேசை.

சமையலறை உப்புப் போத்தலில் ஏன் நாலு அரிசி போடுகிறோம்? காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியும். கொழும்பில் அநேகமாக எல்லா நாளும் இரவிலாவது அந்தக் கோட்டுக்கு மேல்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அலையிலிருந்து உப்பை அள்ளி நேரே உங்கள் யன்னலுக்குள் போடும். அது லப்டொப்பின் காற்றுத் துவாரத்தால் உள்ளே போய்ப் படிந்து, ஈரத்தை இழுத்து, செம்பைத் தின்னும்.

நானும் ஒரு காலத்தில் கடல் பைத்தியம்தான். அந்தப் பக்கம் ஒரு வருடம் இருந்தேன். சார்ஜர் குத்துகிற இடத்தில் பாசி மாதிரி ஒரு பச்சை. பம்பலப்பிட்டியில் திருத்தக் கொண்டுபோனேன். பெடியன் மூடியைக் கழற்றினான், துருப்பிடித்த ஆணியை நகத்தால் சுரண்டினான், "சேர் கடல் பக்கமா?" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. புது மதர்போர்ட் விலையில் அரைவாசி லப்டொப் வாங்கலாம்.

சத்தம் வேறு. மரின் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை. உங்கள் மேனேஜர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் ரயில் ஹோன் அடிக்கும்.

காலி வீதிக்கு அந்தப் பக்கம், கடலை விட்டுத் தள்ளி, உள் ஒழுங்கையில் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி) பாருங்கள். வாடகையும் குறையலாம். உப்பு அங்கேயும் வரும், ஆனால் அளவு குறைவு. கடல் வேண்டுமென்றால் பின்னேரம் ஐந்து நிமிடம் நடந்தால் கடல்தானே. இல்லை, அந்த வீடுதான் என்று அடம்பிடித்தால், மேசையைக் கடல் பார்க்காத பின்பக்க அறையில் போட்டு, யன்னலை மூடி, ஏசி போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தையும் எடுக்கும். லப்டொப்பை இரவில் மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். ஃபைபருக்குத் துணையாக வேறு கம்பனி சிம், அதுவும் மறக்க வேண்டாம்.

கே: வெளிநாட்டுக் கம்பனி டொலரில் தருகிறது. வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லைதானே? (வத்தளை)

ப: அது பழைய கதை. 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு, கூடியது 15 சதவீதம். ஆண்டுக்கு முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், மிச்சத்துக்கு 15. மாதம் 800 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 28 இலட்சம் சொச்சம், வரி 70 ஆயிரம் சொச்சம். காசு வங்கி வழியாக வந்த கடதாசியைப் பத்திரமாக வையுங்கள்.

கே: கனடா பாஸ்போட். சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்தால் யாருக்குத் தெரியும்?

ப: இப்போது எனக்குத் தெரியும். சுற்றுலா விசாவில் வேலை அடங்காது. பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கே: லண்டன் கம்பனிக்கு வேலை. போயாவுக்கு (இங்கே பௌர்ணமி அரச விடுமுறை) லீவு கேட்கலாமா?

ப: கேட்கலாம். பௌர்ணமி என்றால் என்னவென்று முதலில் லண்டன் ஒபிசுக்கு விளக்க வேண்டி வரும்.

கே: ஃபைபர் எடுத்தும் இடிக்கு ரவுட்டர் இரண்டு முறை கருகிவிட்டது. (கல்கிசை)

ப: ஃபைபர் கண்ணாடி, அதில் மின்னல் வராது. பிளக்கால் வந்திருக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. அப்புறம், உங்கள் படத்தில் பார்த்தேன்: சதுர முள் பொயின்ட்டின் எர்த் துளைக்குள் பேனை மூடியைச் செருகி, இரண்டு முள் பிளக்கைத் தள்ளியிருக்கிறீர்கள். இன்றைக்கே அதை எடுங்கள்.

கே: ரொறன்ரோ வேலையைக் கொழும்பிலிருந்து செய்தால் நேரம் எப்படி? (ஸ்காபரோ)

ப: அங்கே காலை 9, இங்கே மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் 7.30. எட்டு மணித்தியாலம் என்றால் முடியும்போது விடியப்புறம் மூன்றரை. இரவுச் சாப்பாட்டை முதலே வாங்கி வையுங்கள், அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் நாய்கள் மட்டும்தான் முழித்திருக்கும்.