3,000 ரூபாய் கொடுத்து ஓவர்க்ளாக் செய்யலாமா?

கேள்வி: கல்லூரி மாணவன். சென்ற வருடம் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம்: இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸர், பி660 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. ரேம் பெட்டியில் 3200 என்று இருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் 2133 என்றுதான் காட்டுகிறது. கடையில் கேட்டதற்கு, "3,000 ரூபாய் கொடு, பிராசஸர், ரேம் இரண்டையும் ஓவர்க்ளாக் செய்து தருகிறேன், 2.5 கிகாஹெர்ட்ஸ் 4-க்கு மேல் போகும்" என்கிறார். செய்யலாமா? எரிந்துவிடாதே? கேபினெட்டின் உள்பக்கப் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் இரண்டு வேலைகளில் ஒன்று உங்கள் சிஸ்டத்தில் நடக்காது. இன்னொன்றை நீங்களே சில நிமிடத்தில் செய்துவிடலாம்.

ஓவர்க்ளாக் என்றால் கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. முதலில் பிராசஸர். அதன் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு: அடிப்படை க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண் 44 என்றால் 4.4 கிகாஹெர்ட்ஸ். அந்தப் பெருக்கும் எண்ணை ஏற்றுவதுதான் வழக்கமான ஓவர்க்ளாக்கிங். இன்டெல் அதைத் திறந்து வைத்திருப்பது பெயரில் 'கே' என்ற எழுத்து வரும் பிராசஸர்களுக்கு மட்டும், அதுவும் இசட் வரிசை போர்டில் போட்டால் மட்டும். உங்களுடையதில் 'கே'யும் இல்லை, போர்டு இசட்டும் இல்லை.

அப்படியானால் அவர் சொல்லும் 4 கிகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வரும்? இந்த ஏமாற்றைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தீரவில்லை. 12400-க்கு 2.5 என்பது அடிப்படை வேகம். வேலை வந்தால் அது தானாகவே ஏறும்: அதன் ஆறு கோரும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஓடும்போது 4.0 வரை, ஒரு கோர் மட்டும் ஓடும்போது 4.4 வரை. டர்போ என்பது இதுதான், இன்டெல் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. இப்போதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு கேம் ஓட விட்டுப் பாருங்கள். பேஸ் ஸ்பீடு 2.50 என்று ஓர் ஓரத்தில் நிற்கும், ஸ்பீடு 4-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். கடைக்காரர் சிஸ்டத்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு இதே திரையைக் காட்டி, "பார், 2.5 இருந்தது 4 ஆயிடுச்சு" என்பார். விவரம் தெரியாதவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு சந்தோஷமாகப் போவார்.

"யூடியூபில் 12400-ஐ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோகிறார்களே" என்று அடுத்துக் கேட்பீர்கள். உண்மைதான். 2022 தொடக்கத்தில் அப்படி ஒரு வழி இருந்தது. பெருக்கும் எண் பூட்டியிருந்தாலும், அடிப்படை க்ளாக்கை 100-லிருந்து 125 பக்கம் தள்ளினால் 40 மடங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும். ஆனால் அதற்கு க்ளாக்கைத் தனியாக உண்டாக்கும் சில்லு பொருத்திய போர்டு வேண்டும். விலை கூடிய சில இசட்690 போர்டுகளிலும், பி660-ல் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களிலும் மட்டுமே அது இருந்தது. இந்தப் பிராசஸர்கள் அதற்காக வடிவமைக்கப்படவில்லை என்று இன்டெல் சொன்னது, பின்னால் வந்த பயாஸ் (போர்டை எழுப்பி இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்களில் அந்த வழியும் அடைபட்டது. படத்தில் தெரியும் உங்கள் போர்டு சாதாரண பி660, அந்தச் சில்லு அதில் கிடையாது. யாராவது "பழைய பயாஸ் ஏற்றி செய்து தருகிறேன்" என்றால் சிஸ்டத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசஸர் வைத்திருக்கும் நண்பர் சொல்வதையும் உங்கள் சிஸ்டத்துக்குப் பொருத்தாதீர்கள், அங்கே விதி வேறு.

இதில் பெரிய இழப்பும் இல்லை. 1998-ல் 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ பிராசஸரை வாங்கி 450-ல் ஓட்டினார்கள், அந்தக் காலத்துச் சில்லுகளில் அவ்வளவு மிச்சம் இருந்தது. இப்போது கம்பெனிகளே கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான் விற்கிறார்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர் ரகப் பிராசஸர்கள் வோல்டேஜ் மிகுந்துபோய் நிலை குலைந்ததால், 2024-ல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டவேண்டி வந்தது. யாரும் ஓவர்க்ளாக் செய்யாமலே வந்த வினை அது.

இப்போது ரேம். இங்கே உங்களுக்கு நிஜமாகவே நஷ்டம், அதுவும் இரட்டை நஷ்டம்.

பெட்டியில் 3200 என்று கொட்டை எழுத்தில் போட்டாலும், போர்டில் செருகியதும் ரேம் பாதுகாப்பான குறைந்த வேகத்தில்தான் எழும். எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை நாம் இயக்கினால்தான் 3200. பெட்டியின் முகப்பில் இதைப் பளிச்சென்று எழுத ஏன் இவர்களுக்கு மனம் வருவதில்லை? வேகத்தை விளம்பரப்படுத்தி விற்பார்கள், அதே வேகத்தில் ஓட்டினால் 'ஓவர்க்ளாக்கிங்' என்று பெயர் வைத்து வாரண்டி விதிகளில் நழுவ இடம் வைத்துக்கொள்வார்கள். சிஸ்டம் அசெம்பிள் செய்யும்போதே செய்து கொடுக்கவேண்டிய வேலை இது. செய்யாமல் விட்டவரே இப்போது அதற்கு விலை சொல்கிறார்.

இரண்டாவது நஷ்டம் உங்கள் படத்தில் தெரிகிறது. நான்கு ஸ்லாட்டில் இரண்டு ரேமும் ஒட்டினாற்போல் முதல் இரண்டில் இருக்கின்றன. அதனால் இரண்டும் ஒரே சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே தரவு போகும் பாதை) மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2133-ல் ஒரு சேனல் என்றால் நொடிக்கு 17 ஜிபி. 3200-ல் இரண்டு சேனல் என்றால் 51 ஜிபி. பாதையில் மூன்றில் இரண்டு பங்கு சும்மா கிடக்கிறது.

செய்யவேண்டியது: சிஸ்டத்தை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேமைப் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் மாற்றுங்கள். போர்டின் மேனுவலிலும் ஒருமுறை சரிபாருங்கள். க்ளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தவேண்டும், கொஞ்சம் பலமாகவே. பிறகு ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி ப்ரொஃபைல் 1-ஐத் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். திரை சிறிது நேரம் கறுப்பாகவே நிற்கலாம், ஓரிருமுறை தானே அணைந்து எழலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது, பயந்து ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடமாகியும் எழாவிட்டால் பவரைத் துண்டித்து, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி மாட்டுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.

எரியுமா? எரியாது. 12400-க்கு இன்டெல் அதிகாரபூர்வமாகக் குறித்திருக்கும் டிடிஆர்4 வேகமே 3200. ரேமின் வோல்டேஜ் 1.2-லிருந்து பெரும்பாலும் 1.35 ஆகும், அதைச் செய்த கம்பெனியே சோதித்துப் பதிந்து வைத்த அளவு அது. சில்லுகளைக் கெடுப்பது கண்டபடி ஏற்றும் வோல்டேஜ்தான், ஆகவே அங்கே வேறு எந்த எண்ணையும் தொடாதீர்கள். 'கேம் பூஸ்ட்' மாதிரிப் பெயரில் இருக்கும் ஒரே தட்டு பட்டன்களும் வேண்டாம். "3600 ரேம் மாற்றித் தருகிறேன்" என்று தூண்டில் போட்டாலும் வாங்காதீர்கள். உங்கள் பிராசஸரில் மெமரி கன்ட்ரோலருக்கான (ரேமோடு பேசும் பகுதி) வோல்டேஜ் பூட்டப்பட்டது, 3600 எல்லாச் சில்லிலும் நிலையாக நிற்காது.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் 3200 என்று காட்டவேண்டும். சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பதறாதீர்கள், டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் பாதி எண் தெரிகிறது. இதைக் காட்டி "டூப்ளிகேட் ரேம், மாற்றிக்கொள்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதே மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் இரண்டு என்று தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, இரவில் ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் விட்டுவிடாதீர்கள், அது பின்னால் ப்ராஜெக்ட் ஃபைலைக் கெடுக்கும். பயாஸில் வேகத்தை 2933-க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள். அங்கேயும் பிழை வந்தால் பெரும்பாலும் ரேமில்தான் கோளாறு: சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில்லுடன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே நேராகப் போங்கள். கடையில் துண்டுச்சீட்டுதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், நாளைக்கே போய் ஒழுங்கான பில் கேட்டு வாங்குங்கள்.