சென்னையில் நம் தெருக் காற்றுக்கு நாமே என்ன செய்துவிட முடியும்?

மணலி, எண்ணூர் புகைபோக்கிகளை நங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு நாம் மூடிவிட முடியாது. அது அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் கேள்வி, அக்கம்பக்கத்தார் சேர்ந்து அன்றாடப் பழக்கத்தில் எதை மாற்றலாம் என்பது. என் பதில் ஒன்றுதான்: தெருவில் எரிகிற நெருப்பை முதலில் நிறுத்துங்கள். மரம் நடுவதெல்லாம் அப்புறம்.

காரணம் இருக்கிறது. ஆலைப் புகை உயரத்தில் வெளியேறிப் பரவுகிறது. தெருமுனையில் சருகோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரிந்தால் அது நேராக நம் மூக்குக்கு வரும். பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் கலந்திருந்தால் டயாக்சின் என்ற நச்சும் கூடவே வரும். பகலில் கடற்காற்று வந்து ஓரளவு கலைத்துவிடும். மார்கழி, தை மாத விடியற்காலையில் அந்தச் சௌகரியம் இல்லை. காற்று அசையாது, தரையோரம் குளிர்ந்து கிடக்கும், புகை எழும்பாமல் அங்கேயே தேங்கும். பெரியவர்கள் வாக்கிங் போவதும் சரியாக அந்த நேரத்தில்தான்!

திறந்தவெளியில் குப்பை எரிக்க 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தடை வந்துவிட்டது. எங்கள் தெருவில் சட்டம் பேசிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பெருக்க வரும் அக்காவிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. "சருகு எடையே இருக்காது சார், ஆனா வண்டி ரொம்பிடும். வீட்டுக் குப்பைய எங்க போடுறது?" நியாயமான கேள்வி. அவரைத் திட்டி என்ன பயன்? புங்கமும் வாதாமரமும் கொட்டுகிற இலைக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

காலியாகக் கிடந்த மூலையில் கம்பி வலையை வட்டமாகக் கட்டி நிறுத்தினோம். சருகைக் கொட்டி, மிதித்து, தண்ணீர் தெளித்து, இடையிடையே புளித்த மோரும் கொஞ்சம் சாணமும். வாதாம் இலை தடிமன், நொறுக்கிப் போடாவிட்டால் லேசில் மட்காது. மழைக்காலத்தில் மேலே தார்ப்பாய் போட வேண்டும், இல்லையென்றால் நாற்றம். உரம் தயாரானதும் யாருக்கு எவ்வளவு என்று மாடித்தோட்டக்காரர்களுக்குள் சண்டை வருகிறது. வரட்டும்.

போகி தனிக் கதை. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்களையே திருப்பி அனுப்பினார்கள். பழைய பாயைக் கொளுத்துவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டயர், ரெக்சின், நைலான் எல்லாம் போய்விழுகிறது. பழைய துணி, டயரை எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுக்கச் சொல்லி மாநகராட்சி அறிவிக்கிறது. நாங்கள் முந்தின வாரமே வீடுவீடாக வாங்கி ஒப்படைத்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மேளம் போதும், நெருப்பு கட்டாயமில்லை.

வாசல் தெளித்துவிட்டுப் பெருக்குவது, கட்டட மணலைத் தார்ப்பாயால் மூடச் சொல்வது, சிக்னலில் எஞ்சினை அணைப்பது எல்லாம் நல்லதுதான். பள்ளி வாசலில் ஏசிக்காக எஞ்சினை ஓடவிடும் கார்காரர்களிடம் மட்டும் எங்கள் பருப்பு இன்னும் வேகவில்லை.

கணக்கு வேண்டும் என்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் ஆலந்தூர் பேருந்துப் பணிமனை நிலையத்தைப் பார்க்கலாம். நுண்துகளுக்கு (பி.எம். 2.5) நம் நாட்டு 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஆனால் உங்கள் தெருவில் நெருப்பு நின்றதா என்பதை அந்த எண் காட்டாது. அதற்கு விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தாலே போதும்.

தொடங்குவதென்றால் மார்கழிக்கு முன்பே தொடங்குங்கள். வலைக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம், காயலான் கடையில் கேட்டுப் பாருங்கள். யாராவது திரும்பத் திரும்ப எரித்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். ஆனால் முதலில் ஒருமுறை நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.