யாருக்காக ஓடுகிறீர்கள்?

கேள்வி: லண்டன் மாரத்தானில் ஓடக் குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் “எந்தத் தொண்டு நிறுவனத்துக்காக ஓடுகிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். ஓட ஆசை, அவ்வளவுதான் என்றால் முகம் மாறுகிறது. பேசாமல், ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டும் பக்கம் ஒன்றை இணையத்தில் தொடங்கிவிடட்டுமா? (வாசகர், ஹாரோ, லண்டன்)

பதில்: வேண்டாம். குலுக்கலில் இடம் பெற்றவர் பதிவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டால், அதன்பின் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர். நிதி திரட்டும் நிபந்தனை தொண்டு நிறுவனங்களின் வழியாக இடம் பெறுபவர்களுக்கே உரியது. 1993 முதல் ‘கோல்டன் பாண்ட்’ என்னும் ஏற்பாட்டின்படி அந்நிறுவனங்கள் இடங்களை விலை கொடுத்து வாங்கி, பெரும்பாலும் 2,000 பவுண்டோ அதற்கு மேலோ திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்பவர்களுக்கு வழங்குகின்றன. தொகை குறைந்தால் மிச்சத்தை ஓடுபவரே ஈடுகட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்பவையும் உண்டு. 2026ஆம் ஆண்டுக்கான குலுக்கலுக்கு 11 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2025இல் ஓடி முடித்தவர்களோ 56 ஆயிரம் சொச்சம்தான். குலுக்கலில் தவறியவர்களில் பலர் தொண்டு நிறுவனத்தின் கதவைத் தட்டுகிறார்கள். ஓடும் ஆசை அவர்களுடையது, பணம் அடுத்த மேசைக்காரருடையது. இந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து பழகிவிட்டதால்தான் வெறுமனே ஓடுபவரைப் பார்த்து முகம் மாறுகிறது.

இதனால் நிதி திரட்டுவோரை நான் இகழ்வதாக எண்ண வேண்டாம். 2025 ஓட்டத்தின் வழியாக மட்டும் 8 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. நிதி திரட்டுவதற்காகக் காண்டாமிருக வேடத்தைச் சுமந்துகொண்டு 42 கிலோமீட்டரும் ஓடுபவரைக் கண்டால் நானும் கைதட்டுவேன் (அந்த வேடத்துக்குள் பார்வை எப்படித் தெரிகிறதோ!). தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கென்று கையேந்தினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை: சக ஊழியர்களின் முகச்சுளிப்பைத் தவிர்க்க அவர்களிடமே பணம் கேட்கப் போகிறீர்கள். அதை மறுக்க முடியாமல் கொடுக்கப்போகிறவர், நேற்று வேலையில் சேர்ந்த, சம்பளம் குறைந்த இளைஞராகத்தான் இருப்பார்.

கொடுக்கும் மனம் இருந்தால் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உங்கள் பையிலிருந்து கொடுங்கள். நீங்கள் அங்கே வருமான வரி செலுத்துபவராயின், ‘கிஃப்ட் எய்ட்’ படிவத்தில் ஒப்பமிட்டால் நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸை அந்த நிறுவனம் பெற்றுக்கொள்ளும். அதற்கு ஓட வேண்டியதில்லை, அலுவலகத்தில் சொல்லவும் வேண்டியதில்லை. மீண்டும் யாராவது கேட்டால், “எனக்காக” என்று சொல்லுங்கள்.