செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு முன்பே இறங்கிவிடுங்கள்

கேள்வி: என் மகன் எடின்பரோவில் படிக்கிறான், வயது 20. ஜூன் கடைசியில் நானும் மனைவியும் அவனைப் பார்க்கப் போகிறோம். எடின்பரோ கோட்டை, ஹைலேண்ட்ஸ் எல்லாம் போன முறையே பார்த்தாகிவிட்டது. இந்த முறை எடின்பரோவுக்கு வடக்கே உள்ள ஃபைஃப் கடற்கரையில் ஐந்து நாள் இருக்கலாம் என்று எண்ணம். இணையத்தில் தேடினால் செயின்ட் ஆண்ட்ரூஸும் அதன் கோல்ஃப் மைதானமும்தான் வருகின்றன. கூட்டமில்லாத, பழமையான இடங்கள் வேண்டும். கார் இல்லை. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

பதில்: செயின்ட் ஆண்ட்ரூஸில் அறை போடாதீர்கள். கோடையில் வாடகை அதிகம், கூட்டமும் அதிகம். அதற்குத் தெற்கே ஆன்ஸ்ட்ருதர் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. உள்ளூர்க்காரர் வாயில் அது 'எயின்ஸ்டர்'. அங்கே நான்கு இரவு தங்குங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸைக் கடைசி நாள் ஊர் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபைஃபின் கிழக்கு மூலைக்கு ஈஸ்ட் நியூக் என்று பெயர். ஸ்காட்ஸ் மொழியில் நியூக் என்றால் மூலைதான். ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ருதர், கிரெய்ல் என ஐந்து பழைய ஊர்கள் கடலோரமாக வரிசையாக இருக்கின்றன. உள்நாடு வறண்டு கிடக்க, கடலோரத் துறைமுகங்களில் மட்டும் பணம் புழங்கிய காலத்தில், 'பிச்சைக்காரன் போர்வைக்குத் தங்கக் கரை' என்று ஒரு ஸ்காட்லாந்து மன்னர் ஃபைஃபைச் சொன்னதாகக் கதை. அந்தக் கரையை ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு லீவனிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் வரை 95ஆம் எண் பேருந்து ஓடுகிறது. கார் இல்லாதது இங்கே ஒரு குறையே இல்லை.

எடின்பரோவிலிருந்து லீவனுக்கு ரயில் உண்டு. 1969இல் மூடிய இந்தப் பாதையை 55 வருடம் கழித்து 2024 ஜூனில் திறந்தார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இது இருக்காது. ரயிலில் வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். 1890இல் கட்டிய ஃபோர்த் பாலத்தைத் தாண்டியதும் கடல் அந்தப் பக்கம்தான் வரும். மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பேருந்து இலவசம். அந்த அட்டைக்கு அவன் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இப்போதே செய்யட்டும். உங்கள் இருவருக்கும் அந்தச் சலுகை கிடையாது, அது அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

அடுத்து, பலர் கவனிக்காத ஒன்று. இந்தப் பயணத்துக்குக் கடிகாரத்தைவிட ஓத அட்டவணை முக்கியம். இணையத்தில் 'ஆன்ஸ்ட்ருதர்' என்று போட்டால் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் நாள்வாரியாகக் கிடைக்கும். அதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே படகு புறப்படும் நேரம், நடக்கக்கூடிய பாறை, கிரிக்கெட் ஆட்டம் உட்பட எல்லாம் ஓதத்தைப் பார்த்துத்தான். ஆம், கிரிக்கெட்டும்தான். ஈலியில் ஷிப் இன் என்ற பப்புக்குச் சொந்தமாக ஒரு கிரிக்கெட் அணி உண்டு. அதன் மைதானம் கடற்கரை மணல். கடல் வற்றினால்தான் ஆட்டம். நீங்கள் போகும் வாரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளில் ஒரு நாளை முழுசாக மே தீவுக்குக் கொடுங்கள். நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான். ஆன்ஸ்ட்ருதர் துறைமுகத்திலிருந்து படகில் முக்கால் மணி நேரம். தீவின் நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஜூன் கடைசியில் அங்கே பஃபின் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும், மண்ணில் வளை தோண்டி, வாய் நிறையச் சிறு மீனைக் கவ்விக்கொண்டு. ஆகஸ்ட் பிறந்தால் அவை கடலுக்குப் போய்விடும், ஆகவே உங்கள் தேதி நல்ல தேதி. துறைமுகத்தில் கடல் வற்றினால் படகு நகர முடியாது என்பதால் புறப்படும் நேரம் தினமும் மாறும். முன்பதிவு அவசியம். காற்று பலமாக இருந்தால் ரத்தாகும். அதனால் தீவை முதல் முழு நாளிலேயே வையுங்கள். ரத்தானாலும் வேறு நாள் கையில் இருக்கும்.

தீவில் சாப்பாட்டுக் கடை இல்லை, கழிப்பறை உண்டு. இறங்கியதும் ஆலாக் குருவிகள் தலையைக் கொத்த வரும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குஞ்சு வைத்திருக்கும் காலம் அது, உங்களைத் திருடன் என்றே நினைக்கும். அது கொத்துவது உடம்பின் உயரமான இடத்தை. தொப்பி போட்டு, கையையோ குச்சியையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் போதும். உங்கள் மனைவி படகுப் படிகளில் மட்டும் நிதானமாக ஏறி இறங்கட்டும். மேட்டின் உச்சிவரை போகாமல் படகுத்துறைப் பக்கமே உட்கார்ந்தாலும் பறவைகள் கண்ணில் படும்.

உச்சிக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது, கோட்டை மாதிரி இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டையான பழைய கட்டடம். ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான், 1636இல் கட்டியது. மாடியில் இரும்புக் கூடையில் நிலக்கரியைக் குவித்து இரவெல்லாம் எரித்தார்கள். 1791இல் ஒரு குளிர்கால இரவில் அந்தப் புகை உள்ளே புகுந்து காவலரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இறந்துபோனார்கள். கைக்குழந்தை ஒன்று மட்டும் பிழைத்தது. பெரிய கலங்கரை விளக்கம் 1816இல் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டியது.

இன்னொரு நாள் செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம். இரண்டுக்கும் நடுவில் இரண்டரை கிலோமீட்டர் கடலோரப் பாதை. உங்கள் மனைவிக்கு முடிந்தால் நடக்கலாம், முடியாவிட்டால் பேருந்து. செயின்ட் மோனன்ஸில் மன்னர் இரண்டாம் டேவிட் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் ஊருக்கு வெளியே, அலை தெறிக்கும் தூரத்தில் நிற்கிறது. உள்ளே கூரையிலிருந்து ஒரு கப்பலின் சிறு மாதிரி வடிவம் தொங்கும். மறுகோடியில் ஒரு காற்றாலை. அங்கே 18ஆம் நூற்றாண்டில் உப்புக் காய்ச்சினார்கள். காய்ச்சினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், வெயிலை நம்பி உப்பெடுக்க முடியாத ஊர் அது. ஒரு டன் உப்புக்குச் சுமார் 30 டன் கடல்நீரைக் கொதிக்க வைக்க வேண்டும். காற்றாலை நீரை இறைத்தது, பக்கத்துச் சுரங்கத்து நிலக்கரி அடுப்புக்குப் போனது. உப்புக் காய்ச்சிய கொப்பரை வீடுகளின் அடித்தளம் புல்மேட்டில் இன்னும் தெரியும். பயணிகள் காற்றாலையைப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் கீழே பாருங்கள், கதை தரையில்தான் இருக்கிறது.

பிட்டன்வீம் இன்றைக்கும் மீன்பிடிப் படகுகள் வேலை செய்யும் துறைமுகம். பெயரின் பொருள் 'குகையிருக்கும் இடம்'. அந்தக் குகை ஊர் நடுவிலேயே, இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. புனித ஃபில்லன் அங்கே தங்கியிருந்தார் என்பது ஐதிகம். சாவியை ஊரில் ஒரு கடையில் வாங்க வேண்டும். கதவிலேயே அறிவிப்பு இருக்கும். இதே ஊரில் 1705 ஜனவரியில் ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி, ஒரு கும்பல் கடற்கரையில் அடித்து, மேலே கதவுப் பலகையைப் போட்டுக் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றது. ஒருவர்மீதும் தண்டனை விழவில்லை. வண்ணம் பூசிய வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஈலிக்கு ஒரு நாள். கலங்கரை விளக்கத்துப் பக்கம் ரூபி பே என்ற சிறு குடா, மணலில் தேடினால் கடுகு அளவு சிவப்புக் கார்னெட் கல் கிடைக்கும். அதிர்ஷ்டம் வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும். அதையொட்டி இடிந்த கோபுரம் ஒன்று. 1770களில் ஜேனட் ஆன்ஸ்ட்ருதர் சீமாட்டி கடலில் குளிக்க வரும்போது உடை மாற்றுவதற்காகக் கட்டியது. அவர் குளிக்கும் நேரம் ஊருக்குள் ஆள் விட்டு மணியடிப்பார்களாம், யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதென்று.

நீங்கள் இருவரும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மகன் ஊரின் மேற்கே கின்கிரெய்க் முனையில் சங்கிலி நடையை முயலலாம். செங்குத்துப் பாறையில் இரும்புச் சங்கிலிகள் பதித்திருக்கிறார்கள், அவற்றைப் பிடித்து ஏறி இறங்கிப் போக வேண்டும். இங்கேதான் ஓத அட்டவணை உயிர் காரியம். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ஏறத் தொடங்கியபின் உள்ளே போனால் நடுவில் மாட்டிக்கொள்வான். தனியாக அனுப்பாதீர்கள், மழை நாளில் அனுப்பவே வேண்டாம்.

லோயர் லார்கோவில் ஒரு மணி நேரம் போதும். ஈலிக்கும் லீவனுக்கும் நடுவில் இருப்பதால் வந்திறங்கும் நாளிலேயே பார்த்துவிடலாம். 1676இல் அலெக்சாண்டர் செல்கிர்க் பிறந்த ஊர். கப்பல் ஓட்டை, இதில் வரமாட்டேன் என்று கேப்டனோடு சண்டை போட்டு 1704இல் ஆளில்லாத் தீவில் இறங்கிக்கொண்டவர். நான்கு வருடம் நான்கு மாதம் தனியாக இருந்தார். ராபின்சன் குரூசோ கதைக்கு வித்து இவர்தான் என்பார்கள். அந்தக் கப்பல் நிஜமாகவே பிறகு மூழ்கியது. பிறந்த வீடு இருந்த இடத்தில், ஒரு தெருவீட்டுச் சுவர் மாடத்தில், ஆட்டுத்தோல் உடையோடு சிலையாக நிற்கிறார்.

கிரெய்லைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஈஸ்ட் நியூக் நாட்காட்டிப் படங்களில் பாதி அந்தத் துறைமுகம்தான். இறக்கம் செங்குத்து, மனைவியின் முழங்காலை நினைத்து மெதுவாக. தேவாலய வாசலில் ஒரு பெரிய நீலக் கல் கிடக்கும். சாத்தான் மே தீவிலிருந்து தேவாலயத்தைக் குறிவைத்து எறிந்தது, குறி தவறி அங்கே விழுந்தது என்று உள்ளூர்க் கதை.

ஜூனிலும் திடீரென்று கடலிலிருந்து வெண்பனி வந்து ஊரை மூடும். அதற்கு அவர்கள் 'ஹார்' என்பார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, குளிரும். கோடை என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்படிப்பட்ட நாளுக்கு ஆன்ஸ்ட்ருதரின் மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. ஹெரிங் மீன் காலத்துப் பாய்மரப் படகுகளும், மீனைச் சுத்தம் செய்ய ஊர் ஊராகப் போன பெண்களின் கதையும் அங்கே உண்டு. இன்னொன்று, டாக்ஸி பிடித்தால், வயல் நடுவே சாதாரணப் பண்ணை வீடுபோல் இருக்கும் ரகசிய பங்கர். 1950களில் ராடார் நிலையமாக நிலத்தடியில் கட்டியது, பிறகு அணுகுண்டுப் போர் வந்தால் அங்கிருந்து அரசாங்கம் நடத்துவதற்கு என்று மாற்றினார்கள். 1994 முதல் யாரும் பார்க்கலாம்.

கூரஸ் என்ற ஊரைப் பலர் சொல்வார்கள். ஃபைஃபின் மேற்குக் கோடி, மஞ்சள் அரண்மனை, 400 வருடத் தெருக்கள். அழகுதான், ஆனால் தொலைக்காட்சித் தொடர் எடுத்தபிறகு கூட்டம், தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியது. உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சாப்பாடு. அந்தக் கடற்கரையில் மீனும் சிப்ஸும்தான் பிரதானம். மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் போதும் என்று வாங்கிவிடாதீர்கள். பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். சமையலறை உள்ள வீடாகப் பிடித்து, அரிசியும் பருப்பும் எடின்பரோவிலேயே வாங்கிப் போவது உத்தமம். ஊர்க் கடைகளில் ரொட்டி, பால், முட்டை, பாலாடைக்கட்டிக்குப் பஞ்சமில்லை.

ஐந்தாம் நாள் 95ஆம் எண் பேருந்திலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் மைதானத்துக்குப் போகாவிட்டாலும் சவுத் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளியின் பழைய கட்டடம் அங்கே இருக்கிறது. பெயர் நம் மெட்ராஸ்தான். இந்த ஊரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் எழும்பூர் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் திண்ணைப் பள்ளி வழக்கம் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் கொடுத்த பணத்தில் 1830களில் சொந்த ஊரில் எழுந்த பள்ளி இது. 2021இல் பள்ளி வேறு வளாகத்துக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. கட்டடத்தின் முன்னால் இடிந்த மண்டபம் ஒன்று நிற்கும். அது பள்ளியைவிடப் பழையது, ஒரு துறவியர் மடத்தின் மிச்சம்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் கிடையாது. பேருந்து நிலையத்தில் 99ஆம் எண்ணில் ஏறி லூக்கர்ஸில் இறங்கினால் எடின்பரோ ரயில். இந்த முறை இடப்பக்க ஜன்னல்.