மூடியைத் திறக்காதீர்கள்: படகு இன்ஜின் ரூம் தீ பற்றிச் சில கேள்விகள்

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இன்ஜின் ரூமைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேலை பார்க்க நேரம் இருப்பதால், இந்த முறை தீ பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் ரூம் மூடி இடுக்கில் கரும்புகை வந்தால் முதலில் என்ன செய்வது? (விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி)

மூடியைத் திறக்காதீர்கள். கை அங்கேதான் போகும், எனக்கும் போயிருக்கிறது. பல வருஷம் முன்பு ஒரு படகில் சோதனை ஓட்டத்துக்குப் போயிருந்தேன். புகை வாடை வந்ததும் என்னவென்று பார்க்க மூடியை ஒரு சாண் தூக்கினேன். உள்ளே காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்த தீ அந்த ஒரு சாண் வழியாக மேலே பாய்ந்தது. புருவத்தோடு போயிற்று. அப்புறம் பார்த்தால், ரிட்டர்ன் டீசல் பைப் கிளாம்பு இல்லாமல் ஒரு இரும்புத் தாங்கியில் உரசி உரசி ஊசித்துளை விழுந்திருக்கிறது. அதன் மேல் யாரோ சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிவிட்டிருந்தார்கள். டியூப் நெகிழ்ந்து, டீசல் நேராக எக்ஸாஸ்ட் குழாய் மேல்.

முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். டீசலை அடையுங்கள். காற்று வரும் வழிகளை ஈரச் சாக்கால் மூடுங்கள். அதன்பிறகே தீயணைப்பான். இதில் இடைஞ்சல் டீசல் வால்வுதான். நான் பார்த்த பல படகுகளில் அது டேங்கின் அடியில், அதாவது தீக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் ஒரு கம்பி வைத்து அதன் பிடியை மேல்தளத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மூடியில் தீயணைப்பானின் நாசில் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, ஆப்பு வைத்து அடைத்திருங்கள். திறக்காமலே அதன் வழியாக அடிக்கலாம்.

அடித்த பிறகும் அரை மணி நேரமாவது பொறுங்கள். எக்ஸாஸ்ட் இரும்பு சூடாக இருக்கும்வரை, காற்றுப் பட்டால் தீ மறுபடி பிடிக்கும். அதற்குள் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டாக வேண்டும், வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில், அதாவது அவசர அழைப்புச் சேனலில், தகவல் போக வேண்டும். செல்போன் எடுத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.

கேள்வி: பவுடர் சிலிண்டரா, கார்பன் டை ஆக்சைடா?

பவுடர் தீயை அடக்கிவிடும், ஆனால் இரும்பைக் குளிரவைக்காது. ஓடும் இன்ஜின் அதை உறிஞ்சினால் இன்ஜினுக்கும் கேடு. ஆனாலும் திறந்த தளத்தில் காற்றடிக்கும்போது அதுதான் கைகொடுக்கும். படகு அதிர்ந்து அதிர்ந்து பவுடர் அடியில் கட்டி தட்டிவிடும், அழுத்தம் காட்டும் முள் மட்டும் பச்சையிலேயே நிற்கும். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளே சரியும் சத்தம் கேட்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு மூடிய இடத்துக்கு நல்லது, இன்ஜினையும் கெடுக்காது. ஆனால் அதில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏலக்கூடத்து மீன் தராசு போதும். உள்ளிருக்கும் வாயுவின் எடையில் 10 சதவீதம் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுங்கள். அடித்துவிட்டு உடனே உள்ளே இறங்காதீர்கள், அது ஆளையும் சாய்க்கும்.

கேள்வி: பழைய யாட் (உல்லாசப் படகு) ஒன்று வாங்கினேன். இன்ஜின் ரூமில் ஹாலான் 1301 என்ற தீயணைப்பு வாயு சிலிண்டர் தொங்குகிறது. இருக்கட்டுமா? (சிங்கப்பூர் வாசகர்)

மாற்றிவிடுங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் ஹாலான் தயாரிப்பு வளர்ந்த நாடுகளில் 1994-லும், மற்ற நாடுகளில் 2010-லும் நிறுத்தப்பட்டது. அதை நிரப்ப இப்போது அலைய வேண்டும். எஃப்.எம். 200 மாதிரியான வாயுவில் தீப்பிடித்தால் தானாகத் திறக்கும் சிலிண்டர்கள் கிடைக்கின்றன.

வாங்கும்போது பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: வாயு திறந்த கணமே இன்ஜினையும் புளோயரையும் (இன்ஜின் ரூம் காற்று விசிறி) நிறுத்தும் ரிலே, அதாவது மின் சுவிட்ச். 6 லிட்டர் டீசல் இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.-ல் ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ இருந்தால் இன்னும் அதிகம். உங்கள் இன்ஜின் ரூம் 10 கன மீட்டர் என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாயு இரண்டு நிமிஷத்தில் எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும். ரிலே இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: சைலன்சரில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியிருக்கிறது. போதாதா?

போதாது. டீசல் ஊறிய கயிறு விளக்குத் திரி மாதிரி வேலை செய்யும். பெரிய கப்பல்களில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பாகத்தையும் மூடியாக வேண்டும் என்பது விதி. கண்ணாடி இழைப் போர்வை சுற்றி, அதன் மேல் தகரம் அடித்தால் எண்ணெய் உள்ளே ஊறாது. பழைய கயிற்றை நனைத்துவிட்டு, தகுந்த முகமூடியோடு பிரிக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் இன்போர்டு (இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும்) ஸ்பீட் போட். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் புளோயரை 4 நிமிஷம் ஓட்டுங்கள், அப்புறம் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் சாவியைத் தொடாதீர்கள். செல்ஃப் மோட்டார் பழுதானால், விலை குறைவு என்று கார் பாகத்தைப் போடாதீர்கள். அது வெளியே பொறி விடும். படகுக்கென்று செய்தது விடாது.

கேள்வி: ஒரு வாளி மணல் வைத்திருக்கிறேன். போதுமா?

தளத்தில் சிந்திய டீசலுக்குப் போதும்.